வோல்ற்றளவையும் ஓட்டத்தையும் வைத்துத் தடையும் வலுவும் கணக்கிடுவது எப்படி? படுவான்கரைக் கிணற்று மோட்டரோடு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்குள் பெரியப்பாவின் தோட்டத்தில் ஒரு மோட்டர் எரிந்துபோனது, இரண்டாவதும் எரியும் நிலைக்கு வந்திருந்தது. தோட்டம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது. வீடு ரோட்டோரம், கிணறு வளவின் கடைசியில். இரண்டுக்கும் நடுவே 120 மீற்றர் வயர் இழுத்திருந்தார்கள்.

“மனே, சுவிச்சைப் போட்டா சில நேரம் சுத்துது, சில நேரம் உறுமிக்கிட்டே நிக்குது. கடைக்காரன் கழிவு மோட்டரைத் தலையில கட்டிட்டான் போல” என்றார் பெரியப்பா. மூன்றாவது மோட்டருக்குக் காசும் எண்ணி வைத்திருந்தார்.

பகலில் வயரிங் வேலைக்குப் போகிறவன் நான். பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று மீற்றர்களை எடுத்துக்கொண்டு போய், மோட்டர் சுற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மூன்று எண்களைக் கொப்பியில் எழுதினேன். வீட்டுப் போர்டில் 226 வோல்ற்று. கிணற்றடியில் 208 வோல்ற்று. வயரில் ஓடியது 4 அம்பியர். கடைக்காரர் மேல் பிழை இல்லை, வயர்தான் பிழை என்று இந்த மூன்று எண்ணே சொல்லிவிட்டன. எப்படிச் சொல்லின என்பதை அடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் சொற்கள்

நம் ஊரில் “கரண்ட்” என்றால் மின்சாரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கரண்ட் போனது, கரண்ட் அடித்தது, கரண்ட் பில் வந்தது எல்லாம் ஒரே கரண்ட்தான். கணக்குக்கு வரும்போது அதை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உன்னிச்சைக் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் வருவதை நினைத்துப் பாருங்கள். குளத்து நீர்மட்டம் வயலைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் தள்ளும் பலம். மின்சாரத்தில் அதற்கு அழுத்த வேறுபாடு என்று பெயர், வோல்ற்றளவு என்றும் சொல்வோம். அளவு வோல்ற்று. வாய்க்காலில் ஒரு செக்கனில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது ஓட்டம், அளவு அம்பியர். வாய்க்காலின் ஒடுக்கமும் நீளமும் அதில் மண்டிக் கிடக்கும் சல்லும் புல்லும் தடை, அளவு ஓம். ஒரு செக்கனில் எவ்வளவு வேலை நடக்கிறது, அல்லது எவ்வளவு சக்தி சூடாகிப் போகிறது என்பது வலு, அளவு வாற்று. இந்தியப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் இதைத் “திறன்” என்பார்கள். நம் பாடநூலில் வலு. இரண்டும் ஒன்றுதான், பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.

வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் குறைவாகத்தான் போய்ச் சேரும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். பெரியப்பாவின் மோட்டர் இருந்தது அந்தக் கடைசி வயலில்.

இரண்டு விதிகள்

ஜெர்மன்காரரான ஜோர்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி முதலாவது. வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது ஒரு கடத்தியில் ஓடும் ஓட்டம், அதன் இரு முனைக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதமாக இருக்கும். வோல்ற்றளவை இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். இரண்டையும் வகுத்தால் வரும் மாறாத எண்தான் தடை.

தடை = வோல்ற்றளவு ÷ ஓட்டம்

அவருடைய நாட்டிலேயே இதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1841-இல் லண்டன் ரோயல் சொசைற்றி கொப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் மதிப்பு வந்தது. இன்று தடையின் அலகே அவர் பெயர்தான்.

இரண்டாவது, வலுவுக்கானது.

வலு = வோல்ற்றளவு × ஓட்டம்

இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு கிடைக்கும். வோல்ற்றளவு இருக்கும் இடத்தில் “ஓட்டம் × தடை” என்று போடுங்கள்:

வலு = ஓட்டம் × ஓட்டம் × தடை

ஓட்டம் இருக்கும் இடத்தில் “வோல்ற்றளவு ÷ தடை” என்று போடுங்கள்:

வலு = வோல்ற்றளவு × வோல்ற்றளவு ÷ தடை

பிள்ளைகள் நான்கையும் மனப்பாடம் செய்துவிட்டு, எதை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். நான் சொல்லிக் கொடுப்பது இப்படி. ஒரு பொருளின் இரு முனைக்கு நடுவே அளந்த வோல்ற்றளவும் அதற்குள் ஓடும் ஓட்டமும் கையில் இருந்தால் நேராகப் பெருக்குங்கள். வயர், மூட்டு, பிளக் முள் போன்றவற்றில் வீணாகும் சூட்டுக்கு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பிடியுங்கள். கேத்தல், அயன் போன்றவை வோல்ற்றளவு குறையும்போது எவ்வளவு மந்தமாகும் என்று பார்க்க, வோல்ற்றளவின் வர்க்கம்.

பரீட்சையில் புள்ளி போகும் இடம்

மில்லியும் கிலோவும்தான். ஒரு தடையிக்கு (தடை கொடுப்பதற்கென்றே செய்த சின்ன உறுப்பு) குறுக்கே 5 வோல்ற்று, ஓட்டம் 20 மில்லியம்பியர் என்று கேள்வி வந்தால் 5 ÷ 20 = 0.25 ஓம் என்று எழுதிவிட்டுப் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. 20 மில்லியம்பியர் என்பது 0.02 அம்பியர். 5 ÷ 0.02 = 250 ஓம். வலு 5 × 0.02 = 0.1 வாற்று. கணக்கைத் தொடங்கும் முன்பே எல்லா எண்ணையும் வோல்ற்று, அம்பியர் என்று மாற்றி ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பாதிப் பிழையைத் தடுக்கும்.

மீற்றரைத் தொடும் முன்

வோல்ற்றளவை அளக்கும்போது மல்ரிமீற்றரின் இரண்டு கம்பியும் பொருளுக்குச் சமாந்தரமாக, அதாவது அதன் இரு முனையிலும் படும். ஓட்டத்தை அளக்கும்போது மீற்றர் தொடராக, ஓட்டம் அதற்குள்ளாகவே போகும்படி நிற்க வேண்டும். அம்பியர் துளையில் கம்பி இருக்கும் நிலையில் சுவர்ப் பிளக்கில் குத்துவது மிக மோசமான பிழை. அம்பியர் பக்கத்தின் தடை கிட்டத்தட்டப் பூச்சியம். 230-ஐப் பூச்சியத்துக்குக் கிட்டிய எண்ணால் வகுத்தால் ஓட்டம் எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள். மலிவு மீற்றர்கள் கையிலேயே வெடித்திருக்கின்றன.

ஓம் பக்கத்தில் அளப்பதென்றால் பொருளைப் பிளக்கிலிருந்து கழற்றிய பிறகுதான்.

வீட்டு மின்சாரத்தில் ஓட்டம் அளக்க கிளாம்ப் மீற்றர்தான் நல்லது. வயரை வெட்டத் தேவையில்லை, வளையத்துக்குள் விட்டால் போதும். ஆனால் ஒரே ஒரு வயரைத்தான் விட வேண்டும். போகும் வயரும் திரும்பும் வயரும் சேர்ந்து உள்ளே இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துப் பூச்சியம் காட்டும்.

ஈரக் கையோடு எதையும் தொட வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நனைந்த தோலோடு உடம்பின் தடை சுமார் 1000 ஓம் வரைக்கும் இறங்கும். 230 ÷ 1000 = 0.23 அம்பியர். வீட்டு ட்ரிப் சுவிச் பெரும்பாலும் 0.03 அம்பியர் கசிவிலேயே விழும்படி வைக்கப்பட்டிருக்கிறது, 0.23 அதைப்போல ஏழு மடங்குக்கு மேல். மார்கழி மழையில் வளவுக்குள் வெள்ளம் நிற்கும் வீடுகளில் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேராக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது விழுவது உங்களைக் காப்பாற்றத்தான்.

இனி வரும் 230 வோல்ற்று அளவைகள் வேலை பழகியவர்கள் செய்ய வேண்டியவை. பிள்ளைகளுக்கு 12 வோல்ற்று பற்றரி இருக்கிறது.

பழகுவதற்கு: ஓட்டோவின் சிக்னல் பல்ப்

21 வாற்று என்று எழுதிய 12 வோல்ற்று பல்ப் ஒன்றையும், சார்ஜ் உள்ள பற்றரி ஒன்றையும் எடுங்கள். பல்பை எரியவிட்டு அதன் இரு முனையில் அளந்தால் 12.4 வோல்ற்று, தொடராக மீற்றரை வைத்தால் 1.8 அம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

தடை: 12.4 ÷ 1.8 = 6.9 ஓம்.
வலு: 12.4 × 1.8 = 22.3 வாற்று.

இப்போது பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, ஓம் பக்கத்தில் அளந்து பாருங்கள். 6.9 வராது. ஒரு ஓம் கூட வராமல் போகலாம். என் வகுப்பில் இந்த இடத்தில்தான் சத்தம் எழும்பும்: “சேர், மீற்றர் பழுது!” மீற்றர் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது தங்குதன் இழை. எரியும்போது இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடாகி அதன் தடை பத்து மடங்குக்கும் கூடுகிறது. “வெப்பநிலை மாறாமல்” என்று ஓமின் விதியில் ஒரு வால் இருந்ததே, அதற்கு அர்த்தம் இதுதான். வோல்ற்றளவையும் ஓட்டத்தையும் அளந்து வகுத்தால் வருவது வேலை செய்யும் நேரத்துத் தடை. ஓம் பக்கத்தில் வருவது தூங்கும் நேரத்துத் தடை. ஒரு பொருள் வேலை செய்யும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதே நமக்குத் தேவை. அதனால்தான் இரண்டு அளவை எடுத்து வகுக்கும் வழியை நான் வற்புறுத்துகிறேன்.

வீட்டுக்குள்: கேத்தல்

நம் நாட்டு வீட்டு மின்சாரம் பெயரளவில் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கேத்தலின் அடியில் “230 வோல்ற்று, 2000 வாற்று” என்று எழுதியிருந்தால், அளக்காமலே இரண்டு விடயம் தெரியும்.

ஓட்டம்: 2000 ÷ 230 = 8.7 அம்பியர்.
தடை: 230 ÷ 8.7 = 26.4 ஓம்.

அளந்து பார்த்தால் ஒரு பின்னேரத்தில் 222 வோல்ற்றும் 8.4 அம்பியரும் வரலாம். 222 ÷ 8.4 = 26.4 ஓம். தடை மாறவில்லை, ஏனென்றால் கேத்தலின் சுருள் நைக்ரோம் வகைக் கம்பி. சூட்டுக்கு அதன் தடை அதிகம் மாறாது. வலு 222 × 8.4 = 1865 வாற்று. எழுதியிருப்பது 2000, கிடைத்தது 1865. வோல்ற்றளவு 3.5 சதவீதம்தான் குறைந்தது, வலு ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்துவிட்டது. வர்க்கத்தின் வேலை அது. மாலையில் தேத்தண்ணி கொதிக்கச் சுணங்குகிறது என்று அம்மா சொன்னால் நம்புங்கள்.

13 அம்பியர் சதுர முள் பிளக் எவ்வளவு தாங்கும் என்பதும் இதே கணக்கு: 230 × 13 = 2990 வாற்று. ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் 2000 வாற்றுக் கேத்தலையும் 1200 வாற்று அயனையும் ஒன்றாகப் போட்டால் 3200. அந்தப் போர்டின் வயர் சூடாவதில் ஆச்சரியம் இல்லை.

உப்புக் காற்றும் பிளக் சூடும்

கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரத்து வீடுகளில் வயரிங் பார்க்கப் போனால் பிளக் பொயின்ற்றுக்குள் பச்சை பூத்த பித்தளையைக் காணாத நாள் குறைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு பக்கமும் உப்பு ஈரம். அந்தப் பச்சை ஒரு தடை. முள் தளர்ந்து பட்டும் படாமலும் இருப்பதும் தடைதான். அந்தத் தடையையும் அளக்கலாம்.

கேத்தலை ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டு, போர்டை இரட்டைச் சுவர்ப் பொயின்ற்றின் ஒரு பக்கத்தில் செருகுங்கள். கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கும்போது சுவர்ப் பொயின்ற்றின் மற்றத் துளையில் 225 வோல்ற்று, எக்ஸ்டென்ஷன் போர்டின் பக்கத்துத் துளையில் 220 வோல்ற்று, ஓட்டம் 8.3 அம்பியர் என்றால், நடுவில் 5 வோல்ற்று எங்கோ விழுந்திருக்கிறது.

5 ÷ 8.3 = 0.6 ஓம்.

இதில் எக்ஸ்டென்ஷன் வயரின் பங்கு எவ்வளவு? 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், 3 மீற்றர் நீளம். போக வர 6 மீற்றர். அதற்கு 0.08 ஓம் அளவுதான் வரும். மிச்சம் 0.52 ஓம் பிளக் முள் படும் இடத்தில் இருக்கிறது.

0.52 ஓம் என்றால் ஒன்றுமே இல்லைப் போலத் தோன்றும். ஆனால் வலுவைப் பாருங்கள்: 8.3 × 8.3 × 0.52 = 36 வாற்று. ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் ஒன்றின் வலு 25, 40 வாற்று என்று வரும். உங்கள் சுவருக்குள், பிளாஸ்ரிக்குக்கு நடுவில், ஒரு சோல்டரிங் அயனைச் செருகி வைத்திருக்கிறீர்கள். பிளக் கறுத்துப்போகும் வாசனை வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு அதைச் சொல்லிவிடும். பொயின்ற்றை மாற்றும் செலவு சின்னது. மாற்றுங்கள்.

அதே பொயின்ற்றில் ஒரு 9 வாற்று எல்ஈடி பல்பைப் போட்டால் எதுவும் சூடாகாது. ஓட்டம் கேத்தலின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சூடு அதன் வர்க்கம். “இத்தனை நாளும் நல்லாத்தானே இருந்தது” என்று ஆட்கள் சொல்வதன் காரணம் இதுதான். பழுது எப்போதும் இருந்தது, பெரிய ஓட்டம் இப்போதுதான் வந்தது.

வோல்ற்றும் அம்பியரும் பெருக்கினால் வாற்று வராத இடம்

இதுவரை பார்த்தவை பற்றரிக்கும் சூடாக்கும் பொருள்களுக்கும் பொருந்தும். மோட்டர், மின்விசிறி, எல்ஈடி பல்ப் என்று வந்தால் ஒரு திருத்தம் தேவை. ஆடலோட்டத்தில், அதாவது மாறி மாறித் திசை திரும்பும் வீட்டு மின்சாரத்தில், வோல்ற்றளவும் ஓட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் மட்டும்தான் பெருக்கியது முழுதாக வாற்று. மோட்டரில் ஓட்டம் கொஞ்சம் பிந்தி வரும். எல்ஈடியில் ஓட்டத்தின் வடிவமே கோணலாக இருக்கும். அதனால் வலுக் காரணி என்ற, 1-ஐவிடக் குறைந்த ஓர் எண்ணாலும் பெருக்க வேண்டும்.

வலு = வோல்ற்றளவு × ஓட்டம் × வலுக் காரணி

வலுக் காரணியை எங்கே பார்ப்பது? பொருளின் தகட்டில் சில நேரம் எழுதியிருக்கும். எழுதாவிட்டால் வாசலில் தொங்கும் கரண்ட் மீற்றரே சொல்லும். இலத்திரனியல் மீற்றரில் ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னிக்கொண்டிருக்கும். ஓர் அலகுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது அதன் முகத்தில் அச்சிட்டிருக்கும். 1600 என்று வைப்போம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சோதிக்கும் பொருளை மட்டும் போட்டு, பத்து மின்னலுக்கு எத்தனை செக்கன் என்று பாருங்கள். ஓர் அலகு என்பது 1000 வாற்று ஒரு மணித்தியாலம், அதாவது 3600 செக்கன் ஓடுவது: 1000 × 3600 = 3,600,000. ஒரு மின்னலுக்கான செக்கனை 1600-ஆல் பெருக்கி, அதனால் 3,600,000-ஐ வகுத்தால் உண்மையான வாற்று.

கேத்தலுக்குப் பத்து மின்னல் 12 செக்கன். ஒன்றுக்கு 1.2. 1600 × 1.2 = 1920. 3,600,000 ÷ 1920 = 1875 வாற்று. நாம் பெருக்கி எடுத்தது 1865. இரண்டு வழியும் ஒன்றை ஒன்று உறுதிப்படுத்துகின்றன. பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் ஆசையோடு எடுக்கிறேன்.

பெரியப்பாவின் மோட்டருக்குப் பத்து மின்னல் 30 செக்கன் எடுத்தது. அதாவது 750 வாற்று. வீட்டுப் போர்டில் 226 × 4 = 904. 750 ÷ 904 = 0.83. அதுதான் வலுக் காரணி.

இனி அந்த 120 மீற்றர் வயர்

வீட்டில் 226, கிணற்றில் 208. நடுவில் விழுந்தது 18 வோல்ற்று. அந்த 18-ஐ மோட்டர் கண்ணால் காணவில்லை, வயரே தின்றுவிட்டது.

வயரின் தடை: 18 ÷ 4 = 4.5 ஓம்.
வயரில் வீணாகும் வலு: 18 × 4 = 72 வாற்று.

வயர் வெறும் கடத்தி என்பதால் இங்கே வலுக் காரணியால் பெருக்கவில்லை. மோட்டரின் ஓட்டம் பிந்தி வருவதால் இரண்டு முனை வோல்ற்றளவையும் நேராகக் கழிப்பது துல்லியமாக வராது, கிட்டத்தட்டத்தான்; நடப்பதைப் புரிந்துகொள்ள அது போதும். மீற்றர் எண்ணிய 750-இல் 72 போக, மோட்டருக்குக் கிடைத்தது 678 வாற்று. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் தண்ணீர் இறைத்தால் 72 × 3 = 216 வாற்று மணி; முப்பது நாளில் 6480. ஆயிரம் வாற்று மணி ஓர் அலகு. ஆகவே மாதம் ஆறரை அலகுக்கு அவர் புல்லுக்கு நடுவில் வயரைச் சூடாக்கக் காசு கட்டிக்கொண்டிருந்தார்.

4.5 ஓம் நியாயமான எண்தானா என்று சரிபார்த்தேன். இழுத்திருந்தது 1/1.13 வயர், லைட்டுக்குப் போடுவது. அதாவது 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி. குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீற்றர். அப்படிப்பட்ட செப்புக் கம்பிக்கு ஒரு கிலோமீற்றருக்கு 18.1 ஓம். போக 120, வர 120, மொத்தம் 0.24 கிலோமீற்றர். 18.1 × 0.24 = 4.34 ஓம். அளந்தது 4.5. மிச்சம் 0.16 ஓம் நடுவில் போட்ட முறுக்கு மூட்டுகளில் இருக்க வேண்டும். திரும்பி வரும் 120-ஐ மறப்பவர்கள் நிறையப் பேர். ஓட்டம் போனால் வர வேண்டும், இரண்டு பக்கமும் தடைதான்.

18 வோல்ற்று போனால் மோட்டர் எரியுமா? சுற்றிக்கொண்டிருக்கும்போது எரியாது. விபரீதம் இருப்பது மோட்டர் சுற்றத் தொடங்கும் நொடியில். நிற்கும் மோட்டர் சுற்றத் தொடங்கும்போது வழக்கமான ஓட்டத்தைப்போல ஐந்து மடங்கு கேட்கும். 20 அம்பியர் என்று எடுப்போம். அந்த நொடியில் மோட்டரின் எதிர்ப்பு 226 ÷ 20 = 11.3 ஓம். இதைச் சுத்தமான தடையாக எடுத்தால் துல்லியமாக வராது, ஆனால் நடப்பதைப் புரிந்துகொள்ளப் போதும்.

வயரும் மோட்டரும் தொடரில் இருக்கின்றன: 11.3 + 4.5 = 15.8 ஓம்.
ஓட்டம்: 226 ÷ 15.8 = 14.3 அம்பியர்.
மோட்டருக்குக் கிடைப்பது: 14.3 × 11.3 = 162 வோல்ற்று.

மோட்டரின் திருப்பும் பலம் வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகும். 162-ஐ 226-ஆல் வகுத்து வர்க்கித்தால் 0.51. தொடங்க வேண்டிய பலத்தில் பாதிதான் இருக்கிறது. அதுவும் வீட்டில் 226 இருந்தால். பின்னேரம் ஊரே லைட் போட்டு வோல்ற்றளவு இன்னும் இறங்கினால் பாதியும் இல்லை. அதனால்தான் சில நேரம் சுற்றியது, சில நேரம் உறுமிக்கொண்டு நின்றது.

உறுமி நிற்கும் மோட்டரில் 14 அம்பியர் விடாமல் ஓடுகிறது. சூடு ஓட்டத்தின் வர்க்கம்: சாதாரண 4 அம்பியரோடு பார்த்தால் 14.3 ÷ 4 = 3.6, அதன் வர்க்கம் 13. சுற்றாத மோட்டரில் காற்று வீசும் விசிறியும் நிற்கிறது. பதின்மூன்று மடங்கு சூடு, ஆற்ற வழியில்லை. பெரியப்பா தண்ணீர் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் உள்ளே சுருள் வெந்துகொண்டிருந்தது. மோட்டர் உறுமினால் மூன்று செக்கனுக்குள் நிறுத்துங்கள். இதை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் சந்தோஷம்.

எந்த வயர் போடுவது?

7/0.67 வயருக்கு, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றருக்கு, கிலோமீற்றருக்கு 7.41 ஓம். 0.24-ஆல் பெருக்கினால் 1.78 ஓம். தொடங்கும்போது 11.3 + 1.78 = 13.08; ஓட்டம் 17.3 அம்பியர், மோட்டருக்கு 195 வோல்ற்று, பலம் 0.74. பாதியிலிருந்து முக்கால் வரை ஏறிவிட்டது. 4 சதுர மில்லிமீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 4.61 ஓம், பலம் 0.83 வரும், விலையும் ஏறும். பெரியப்பாவின் தோட்டத்துக்கு 2.5 போதும் என்று முடிவெடுத்தோம். இன்னும் நூறு மீற்றர் தூரம் என்றால் நான் 4-ஐத்தான் சொல்லியிருப்பேன்.

தூரம் கூடினால் தடித்த வயர், அல்லது கூடிய வோல்ற்றளவு. இந்த இரண்டாவது வழியைத்தான் தெருவோரத்து உயர் கம்பங்கள் செய்கின்றன. சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டில், இங்கினியாகலையில் இருக்கும் நீர்மின் நிலையம் சுமார் 11 மெகாவாற்று. மூன்று பேஸ் கணக்கை ஒதுக்கிவைத்து வெறுமனே வகுத்துப் பாருங்கள். அதை 230 வோல்ற்றில் அனுப்பினால் 11,000,000 ÷ 230 = ஏறக்குறைய 47,800 அம்பியர். 33,000 வோல்ற்றில் அனுப்பினால் 333 அம்பியர். ஒரே கம்பி என்றால் சூட்டு வித்தியாசம் இருபதாயிரம் மடங்குக்கு மேல்.

மாற்றிய பிறகு

பழைய மோட்டர் ஒன்றுக்குச் சுருள் கட்டுவித்து, புது வயரை ஒரு மூட்டும் இல்லாமல் குழாய்க்குள் இழுத்தோம். மூன்றாவது மோட்டர் வாங்கவில்லை. திரும்ப அளந்தபோது வீட்டில் 226, கிணற்றில் 219, ஓட்டம் 3.9 அம்பியர்.

7 ÷ 3.9 = 1.79 ஓம். கணக்கில் வந்தது 1.78.

வீணாவது 7 × 3.9 = 27 வாற்று. சுவிச் போட்ட உடனே சுற்றியது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அந்த மூன்றாவது மோட்டர்க் காசை எடுத்துப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதே ஒழுங்கில்தான். பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போது இரண்டு முனையிலும் வோல்ற்றளவை எடுங்கள், கழியுங்கள், ஓட்டத்தால் வகுத்துத் தடையை எடுங்கள், ஓட்டத்தால் பெருக்கி வீணாகும் வலுவை எடுங்கள், வயரின் நீளத்தைப் போக வர அளந்து அந்தத் தடை நியாயமா என்று பாருங்கள். எடுத்த எண்களை ஒரு துண்டில் திகதியோடு எழுதி போர்டு மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். பெரியப்பா வீட்டுப் போர்டில் 1.79 என்று ஒட்டியிருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு வருடமும் போய் அளக்கிறேன். அது 2-ஐத் தாண்டினால் எங்கோ ஒரு முனை பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. மூடியைக் கழற்றிச் சுரண்டி இறுக்க வேண்டும்.